கிழியட்டும் டீச்சர்!

மறைந்தவர்களின் நினைவைப் போற்றுவது மனித இயல்பு. நம் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள். குழல்விளக்கில் ஒரு பெயர், மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர், எவர்சில்வர் அண்டாவின் கழுத்தில் ஒரு பெயர். 'உபயம்' என்னும் எழுத்தே விளக்கின் ஒளியை மறைத்து நிற்பதும் உண்டு! அதைக் கண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டிலும் ஒரு பெயரை எழுத வேண்டிய நாள் வந்தபோதுதான், அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணீர் எனக்குப் புரிந்தது.

திருத்தங்கலை அடுத்த சிற்றூர் எங்களுடையது. தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. அன்னை சிவகாசியில் ஒரு பைண்டிங் பட்டறையில் பாரம் மடிப்பவர். கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கி வைத்தனர். தீப்பெட்டியில் ஒட்டும் சீட்டுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வளர்ந்து நாட்காட்டியும் நோட்டும் நூலும் நாடெங்கும் சென்றன. ஆனால் அந்தத் தாள்களை நாளெல்லாம் மடிக்கும் என் அன்னைக்கு எழுத்துத் தெரியாது.

1980-களில் தீப்பெட்டி ஆலை வண்டி இருள் விலகுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். எட்டு வயதில் அந்த வண்டியில் ஏறியவர் என் அன்னை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது. அதற்குள் அன்னையின் பிள்ளைப் பருவம் போயே போய்விட்டது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவள்தான் என் தங்கை. பட்டறையில் மை படிந்தும் மடிப்புப் பிசகியும் கழித்துப் போட்ட பாரங்களை அன்னை வீட்டிற்குக் கொண்டுவருவார். இரவில் தங்கை அவற்றை உரக்கப் படிப்பாள். அன்னை வெங்காயம் உரித்தபடியே கேட்பார். ஒரு பாரத்திற்குப் பதினாறு பக்கம். பதினாறாம் பக்கத்தோடு கதை நின்றுவிடும். மிச்சத்தைத் தாயும் மகளும் தாமே கட்டிக்கொள்வார்கள்.

நான் முதலாண்டு சேர்ந்த புதிது. காணாமற்போன ஆட்டைத் தேடி ஒரு சிறுவன் மலையேறுகிறான்; அந்த இடத்தோடு பாரம் முடிந்துவிட்டது. தங்கை என்னிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, ஒங்க காலேஜு லைப்ரரியில இந்தப் புத்தகம் இருக்குமா? ஆடு கெடைச்சிச்சான்னு மட்டும் பாத்துட்டு வாண்ணே."

"பார்க்கிறேன்" என்றேன். பார்க்கவில்லை. மறுவாரமும் கேட்டாள். அன்றும் அதே பதில்தான். அந்த ஐப்பசி மழையில் வந்த டெங்குக் காய்ச்சல் ஆறே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஐந்தாம் வகுப்பு, பத்து வயது.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. கிடைத்த போனஸ் பணத்தை அன்னை என் கையில் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு பீரோ வாங்கிக் கொடு, பேரு பெருசாத் தெரியும்" என்றார் பெரியப்பா. அன்னை தலையசைத்து மறுத்தார். "முடிவு இருக்கிற கதையா வாங்கிட்டு வாய்யா" என்றார். மதுரைக்குச் சென்று எழுபத்து நான்கு நூல்கள் வாங்கினேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் தங்கையின் பெயரை எழுதினேன். அவள் படித்த பள்ளியில் கொடுத்தோம். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள்.

ஏழு மாதங்களுக்குப் பின் அப்பக்கம் சென்ற நான் உள்ளே நுழைந்தேன். நூல்கள் அத்தனையும் இரும்பு அலமாரியில், பூட்டுக்குள், கொடுத்த அன்று போலவே பளபளவென்று இருந்தன. ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். "பிள்ளைங்க கிழிச்சிருவாங்க தம்பி. தணிக்கைக்கு வந்தா நான்தானே பதில் சொல்லணும்? அதோட, செத்த பிள்ளை பேருல கொடுத்தது, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். அன்பினால்தான் பூட்டியிருக்கிறார்!

வீட்டில் சொன்னேன். மறுநாள் அன்னை அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். பள்ளிப் படி ஏறுவதற்கே கூசுகிறவர், அன்று நேராக அலமாரியின் முன் போய் நின்றார்.

"கிழியட்டும் டீச்சர். என் பிள்ளை படிச்சதெல்லாம் கிழிஞ்ச தாளுதான். அரிசியப் பானையில போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா பசி ஆறுமா?"

ஆசிரியை பேசவில்லை. சாவியை எடுத்தார்.

நண்பர்களே, அன்னை சொன்ன அந்த அரிசி நம் மாவட்டத்திற்குப் புதியதன்று. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த நாளில், வீடுதோறும் அன்றாடம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைத் திரட்டி வளர்த்த பள்ளிதான் சத்திரிய வித்தியாசாலை. காமராசர் பயின்றதும் அங்கேதான். பிடி அரிசியைக் கொடுத்தவர் பெயர் எந்தப் பருக்கையிலும் இல்லை. அது படிப்பாக மாறியது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல் பயன்படுவதற்கே என்பதைத்தான் முதலாவதாக வைத்தார். பதினைந்து வயது மகனை 1884-இல் நச்சுக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அமெரிக்கப் பெற்றோர், பிறர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். அவர்கள் கோடிகளுக்கு உடையவர்கள். என் அன்னை பாரம் மடிப்பவர். துயரம் ஒன்றுதான், அதற்குக் கண்ட வழியும் ஒன்றுதான்.

சென்ற மாதம் மீண்டும் பள்ளிக்குச் சென்றேன். எழுபத்து நான்கில் மூன்று நூல்களைக் காணவில்லை. பலவற்றின் அட்டை போய்விட்டது. ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் யாரோ யானைக்கு மீசை வரைந்திருந்தார்கள். தங்கையின் பெயரின் மேல் பல விரல்களின் அழுக்கு. வீட்டுக்கு வந்து அன்னையிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு அன்னை சிரித்தார். இப்போது தெருப்பிள்ளை ஒருத்தி மாலையில் நூலோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். உரக்கப் படிக்கிறாள். அன்னை கேட்கிறார்.

எனக்கு மட்டும் ஒரு கடன் தீரவில்லை. ஆட்டைத் தேடி மலையேறிய அந்தச் சிறுவனின் கதை எழுபத்து நான்கில் எதிலும் இல்லை. நம் கல்லூரி நூலகத்திலும் தேடிவிட்டேன். இப்போது, காலம் கடந்து! இதைப் படிக்கும் உங்களில் எவருக்கேனும் அந்தக் கதை தெரிந்தால், மூன்றாம் ஆண்டுத் தமிழ் வகுப்பிற்கு வந்து எனக்குச் சொல்லுங்கள். ஆடு கிடைத்ததா என்று என் அன்னையிடம் சொல்ல வேண்டும்.