மதிலுக்கு இரண்டு பக்கம்

செஞ்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மதில் என்பது புதுமையான பொருளன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் வளைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓடும் கோட்டை மதிலைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் கண் விழிக்கிறோம். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மராட்டியர்களின் கோட்டைகளோடு சேர்த்து இதனையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஊரே மகிழ்ந்தது.

கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்ற நான், இவ்வூர் மதரஸாவில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். குர்ஆன் ஓதி முடித்துப் பள்ளி மேல் வகுப்புகளில் பயிலும் மாணவர்கள் சிலரை விடுமுறை நாள் காலைகளில் கோட்டைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் ஒரே கோட்டைக்குள் காட்டி வரலாறு சொல்வதற்கு இதைவிடச் சிறந்த வகுப்பறை ஏது?

அப்படியொரு காலையில் நடந்த நிகழ்ச்சியையே வாசக அன்பர்களிடம் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அதற்கு முந்தைய வாரங்களில் பாலஸ்தீனச் செய்திகளைக் கேட்டுப் பிள்ளைகள் மனம் கலங்கியிருந்தனர். மதிலின் நிழலில் அமர்ந்ததும் ஒருவன், "ஹஜ்ரத், யூதர்களும் அங்கே ஒரு சுவர் கட்டியிருக்கிறார்களாமே?" என்று கேட்டான். நானும் உணர்ச்சி மேலிடப் பேசினேன். 2002ஆம் ஆண்டில் இஸ்ரேல் அத்தடுப்பைக் கட்டத் தொடங்கியது. அதன் திட்ட நீளம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 1949ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோட்டின் மேல் நில்லாமல், அதன் வழியில் ஏறத்தாழ 85 விழுக்காடு மேற்குக் கரையின் உள்ளே செல்கிறது. ஒலிவ மரத் தோப்பு ஒரு பக்கமும் அதற்கு உரியவர் வீடு மறு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் இதனைக் கட்டுவது சட்டத்திற்குப் புறம்பானது என்று அனைத்துலக நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் கருத்துரை வழங்கியது. இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, "இத்தகைய வேலியைக் கட்டுகிறவனும் கொடியவன், அதைக் காத்து நிற்கிறவனும் கொடியவன்" என்று முடித்தேன்.

பிள்ளைகள் தலையசைத்தனர். ஒருவன் மட்டும் அசைக்கவில்லை. சிறிது நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், எங்கள் மாமா எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறார். வங்காள தேசத்து எல்லையில் வேலியைத்தான் காவல் காக்கிறார். அவரும் கொடியவரா?"

எனக்கு விடை தோன்றவில்லை. "வெயில் ஏறிவிட்டது, புறப்படுவோம்" என்று எழுந்துவிட்டேன். ஓர் ஆசிரியன் மாணவனின் கேள்விக்கு வெயிலைச் சாக்குச் சொல்வதைப் போன்ற தலைக்குனிவு வேறில்லை. நான் சொன்ன செய்திகளில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டவை பல. நீதி என்பது நமக்கும் நம் உறவினர்க்கும் எதிராக நின்றாலும் அதன் பக்கமே சாட்சி சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறு வாரம் முழுவதும் படித்தேன். முதலில் நம் நாட்டு வேலியைப் பற்றிப் படித்தேன்.

இந்தியாவுக்கும் வங்காள தேசத்துக்கும் இடைப்பட்ட எல்லை 4,096 கிலோமீட்டர். 1947ஆம் ஆண்டில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் சில வாரங்களில் வகுத்த கோடு அது. அஸ்ஸாமில் 1979 முதல் ஆறாண்டுகள் நடந்த கிளர்ச்சிக்குப் பின் 1985 ஆகஸ்டு 15இல் கையெழுத்தான உடன்படிக்கையில் எல்லைக்குத் தடுப்பு அமைப்பதும் ஒரு விதியாயிற்று. ஊடுருவலும் கால்நடைக் கடத்தலும் காரணங்களாகக் காட்டப்பட்டன. இன்று மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக வேலி எழும்பி நிற்கிறது. எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்திற்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்று இரு நாடுகளும் 1975இல் ஒப்புக்கொண்டதால், வேலி நம் மண்ணுக்குள் தள்ளியே போடப்பட்டது. விளைவு என்ன? நம் உழவர் பலரின் வயல்கள், சில இடங்களில் வீடுகளும்கூட, வேலிக்கு அப்பால் சிக்கிக்கொண்டன. குறித்த நேரத்தில் வாயில் திறக்கும்போது அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வயலுக்குப் போய், வாயில் மூடுமுன் திரும்ப வேண்டும்.

2011ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், தன் திருமணத்திற்காகத் தந்தையோடு வங்காள தேசம் திரும்பிக்கொண்டிருந்த 15 வயதுச் சிறுமி அவ்வேலியின் மீது ஏறிக் கடக்கையில் அவளது ஆடை முள்கம்பியில் சிக்கியது. அங்கேயே அவள் சுட்டுக் கொல்லப்பட்டாள். உடல் பல மணி நேரம் கம்பியிலேயே தொங்கியது. இதைப் படித்தபோது, வயதுக்கு வந்த பெண்மக்களைப் பெற்றவன் என்ற முறையில் என் கண்கள் நிறைந்தன.

அடுத்து, முஸ்லிம் நாடுகள் கட்டிய தடுப்புகளைத் தேடினேன். மேற்குச் சஹாராவில் மொராக்கோ 1980களில் எழுப்பிய மணல் அரண் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஓரமெங்கும் கண்ணிவெடிகள் புதைந்துள்ளன. காஸாவின் தென் எல்லையில் ரஃபாவில் நிற்கும் சுவர் எகிப்து கட்டியது. இவற்றை எந்த மேடையிலும் நான் பேசியதில்லை.

இறுதியாக, முதல் வாரத்தில் நான் விழுங்கிவிட்ட பகுதியைப் படித்தேன். இஸ்ரேலில் அப்போது பேருந்துகளிலும் உணவு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. 2002 மார்ச் 27ஆம் நாள், யூதர்களின் பஸ்காப் பெருநாள் இரவில், நெதன்யா நகர் விடுதியொன்றில் விருந்துக்கு அமர்ந்திருந்தவர்களில் 30 பேர் மாண்டனர். அந்த அச்சம் பொய்யன்று. வேலி கட்டும் உரிமையை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் அதே நீதிமன்றம் 2004 ஜூன் 30இல், ஜெருசலேம் அருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வழியை மாற்றுமாறு ஆணையிட்டது. கிராம மக்களுக்கு நேரும் துன்பம் அளவுக்கு மீறியது என்றது. பில்இன் என்னும் பாலஸ்தீனக் கிராமத்து மக்கள் வெள்ளிதோறும் போராடியபோது யூத இளைஞர்களும் அவர்களோடு வந்து நின்றனர். அக்கிராமத்தின் வழக்கை நடத்திய வழக்கறிஞர் மிக்கேல் ஸ்ஃபார்டும் இஸ்ரேலியரே. 2007இல் தீர்ப்புக் கிடைத்தது. 2011இல் வேலி அங்கே பின்னுக்கு நகர்ந்தது.

இதைப் படிக்கையில் வேறோர் எண்ணமும் தோன்றியது. அந்நாட்டில் பெரும்பாலான யூத இளைஞரும் இளம்பெண்களும் பதினெட்டு வயதில் படையில் சேர வேண்டியவர்கள். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் நாளை அந்த வாயிலில் துப்பாக்கியுடன் நிற்பான். அங்குள்ள ஒரு யூத ஆசிரியர் அச்சுவரைப் பற்றிப் பாடம் நடத்த எழுந்தால், "என் அண்ணன் அங்கே காவல் நிற்கிறான், அவன் கொடியவனா?" என்று ஒரு பிள்ளை அவரையும் கேட்கக்கூடும். அவர் நெதன்யாவை மட்டும் சொல்லிப் பில்இன்னை மறைத்தால் எவ்வளவு பிழையோ, நான் பில்இன்னை மட்டும் சொல்லி நெதன்யாவை மறைத்ததும் அவ்வளவு பிழையே. அவருடைய மாணவர்களுக்கு அவர் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேனோ, அந்த நேர்மையை முதலில் நான் என் மாணவர்களிடம் காட்ட வேண்டாமா?

மறு வாரம் அதே மதிலடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். "சென்ற வாரம் நான் பாதிப் பாடமே நடத்தினேன், மீதியை இன்று கேளுங்கள்" என்று தொடங்கி, படித்தவற்றையெல்லாம் சொன்னேன். பிறகு, எந்தத் தடுப்பைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள் என்றேன். இதைக் கட்டியவன் எதற்கு அஞ்சினான்? இது யாருடைய நிலத்தில் நிற்கிறது? இதன் வாயில் யாருக்குத் திறக்கிறது, சாவி யார் கையில்?

பிள்ளைகளே விடை கூறினர். அச்சம் என்ற முதற்கேள்வியில் எல்லாத் தடுப்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. இரண்டாம் கேள்வியில் பிரிந்தன. நம் வேலி நம் மண்ணில் நின்று நம் உழவரையே வருத்துகிறது. மேற்குக் கரைத் தடுப்போ பெரும்பகுதி பிறர் மண்ணைத் தின்று நிற்கிறது. இரு தரப்பையும் கேட்பதால் அநீதி மறைந்துவிடாது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதை என் மாணவர்களிடமிருந்தே நான் கற்றேன்.

இந்தச் செஞ்சி மதிலையும் கேட்டுப் பார்த்தோம். 1690 முதல் எட்டாண்டுகள் முகலாயப் படையைத் தடுத்து நின்ற மதில் 1698இல் வீழ்ந்தது. பீஜப்பூரார், சிவாஜி, ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எத்தனை பேர் இதைக் கைப்பற்றினர்! 2023 அக்டோபர் 7ஆம் நாள் காஸாவைச் சூழ்ந்த நவீன வேலியும் ஒரே காலையில் உடைந்து இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். மாறாக, இந்தியாவும் வங்காள தேசமும் 2015 ஜூலை 31 நள்ளிரவில், ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்றுக்கு உரியவையாய்க் கிடந்த 162 நிலத்திட்டுகளைப் பேசி மாற்றிக்கொண்டன. அறுபத்தெட்டு ஆண்டுச் சிக்கல் ஒரு குண்டும் வெடிக்காமல் தீர்ந்தது.

சில மாதங்களுக்குப் பின் அந்த மாணவனின் மாமா விடுப்பில் வந்திருந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் அவர் கையைப் பற்றிக்கொண்டு, நான் சொன்ன சொல்லையும் அதற்கு மருமகன் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் கூறி, "தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "காலையில் வாயிலைத் திறந்து வயலுக்குப் போகிறவர்களை எண்ணி அனுப்புவேன், ஹஜ்ரத். மாலையில் ஒரு கிழவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அவருக்காகப் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அதிகாரம் அவ்வளவுதான்."

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் நாளை எந்த வாயிலில் நிற்பார்கள் என்பதை நாம் அறியோம். பூட்டோடு நிற்கக்கூடும், அட்டையோடு வரிசையிலும் நிற்கக்கூடும். இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்களாக அவர்களை வளர்ப்பது நம் கடமை. வல்ல இறைவன் அதற்கு நமக்குத் துணிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.