சொல்லும் விளைவும்

சொல்லை அளந்து வழங்குதல் அறிவுடையோர் இயல்பு. பிறமொழிச் சொல்லை வழங்குங்கால் இக்கருத்து இன்னும் மிகுதியாக வேண்டப்படும்.

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வட்டாரம். பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஆங்கு உண்டு. அமெரிக்கக் கண்டத்திற்கு உரிய படைப்புழு, 2016-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலும், 2018-ஆம் ஆண்டில் கருநாடகத்திலும் காணப்பட்டது. அவ்வாண்டே அது பெரம்பலூர்ப் பகுதியின் மக்காச்சோளக் கொல்லைகளிலும் புகுந்து குருத்தைத் தின்றது. உழவர் பலர் விளைச்சலை இழந்தனர்.

மறு ஆண்டு, அவ்வூர் உழவர் மகன் ஒருவன் இதனைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்தான். பயிர் அழிந்ததும், வண்டுகள் மடிந்ததும், தீவன விலை உயர்ந்ததும் ஆகிய அனைத்தையும் ‘சைடு எபெக்ட்’ என்றே எழுதியிருந்தான். ஆசிரியர் அதனைச் சினந்து அடிக்கவில்லை. அவனை அருகழைத்து வினவினார்.

“தம்பி, கொல்லையில் மருந்து எதற்காகத் தெளித்தார்கள்?”

“புழுவைக் கொல்வதற்கு, ஐயா.”

“புழுவோடு வேறு எது மடிந்தது?”

“நன்மை செய்யும் பொறிவண்டும் மடிந்தது, ஐயா.”

“புழு மடிந்தது கருதிய விளைவு, அது ‘எபெக்ட்’. வண்டு மடிந்தது கருதாமல் உடன்வந்த பக்கவிளைவு. அதுவே ‘சைடு எபெக்ட்’. மக்காச்சோளம் குறையவே, கோழிப் பண்ணைகளின் தீவனச் செலவு ஏறியது. 2019-ஆம் ஆண்டில் தீவனத்திற்காக வெளிநாட்டு மக்காச்சோளத்தை வரவழைக்க மத்திய அரசு இசைவளித்தது. ஒன்று மற்றொன்றைத் தள்ள, அது வேறொன்றைத் தள்ளும் இத்தொடர்விளைவை ‘நாக்-ஆன் எபெக்ட்’ என்பர். ஒரு செயலின் விளைவு பல துறைகளிலும் கிளைத்துச் செல்வது ‘ராமிபிகேஷன்’. இலத்தீனில் கிளையைக் குறிக்கும் சொல்லே அதன் வேர்.”

“ஐயா, ‘ரிப்பர்கஷன்’ என்பதும் இவற்றுள் ஒன்றோ?”

“திருப்பி அடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பெரும்பாலும் தீய விளைவையே அது குறிக்கும். ஒரே மருந்தை மேன்மேலும் தெளித்தால், அதனைத் தாங்கவல்ல புழுக்களே எஞ்சிப் பெருகும். தெளித்தவனையே திரும்பத் தாக்கும் அவ்விளைவிற்கு அச்சொல் நன்கு பொருந்தும். நம் செய்தித்தாள்கள் எல்லா விளைவையும் ‘எதிரொலி’ என்று எழுதுகின்றன. ஆயினும் ஒலித்த இடத்திற்கே மீள்வதுதானே எதிரொலி?”

அன்று மாலை மாணவன் கொல்லைக்குச் சென்றான். அவன் தந்தை தெளிப்பானில் மருந்தை அளவுக்கு மேல் ஊற்ற முனைந்தார். “அப்பா, அளவு மீற வேண்டா, அது நம்மிடமே திரும்பி வரும்” என்று கூறி, ஆசிரியர் உரைத்ததை விளக்கினான். தந்தை சற்றே சிந்தித்தார். பின்னர்ப் புட்டியை மூடி வைத்தார்.

சொற்களை வேறுபடுத்தி அறிபவன், செயல்களின் பயனையும் வேறுபடுத்தி அறிவான். சொல்லில் தெளிவு, செயலில் தெளிவைத் தரும்.