ஆறிய புண்ணும் ஆறாத வலியும்

உடலுக்கு வலி ஒரு காவல்காரன். முள் தைத்தவுடன் காலைத் தூக்குகிறோம். சுடுபாத்திரம் பட்டவுடன் கையை இழுக்கிறோம். பிறவியிலேயே வலி அறியாத குழந்தைகள் மிகச் சிலர் உலகில் உண்டு. அவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டும் எலும்பை முறித்துக்கொண்டும் அதை உணராமலே வளர்கிறார்கள். ஆகவே வலி நமக்கு வேண்டியதே. ஆனால் புண் ஆறிய பின்னும் போகாத வலி எதற்காக? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் அப்பத்தா.

சென்ற ஆண்டு அவருக்கு விலாவில் அக்கி கண்டது. ஊர் வழக்கப்படி வேளார் வீட்டில் காவியால் அக்கி எழுதினார்கள், மருத்துவரிடமும் காட்டினோம். சில வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் போகவில்லை. சேலை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பார். இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "தோலு நல்லாத்தானே இருக்கு? வயசானா இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க" என்றார். அதன்பின் அப்பத்தா வலியைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும், "நான் பொய்யாடா சொல்றேன்?" என்று கேட்டார். விலங்கியல் படிக்கும் பேரனிடம் கேட்ட கேள்வி அது. விடை தேடி நூலகத்தில் சில நாட்கள் அமர்ந்தேன்.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், அம்மை இறங்கிய பின்னும் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுவே அக்கி. வரும் வழியில் அந்த நரம்பையும் அது புண்படுத்துகிறது. தோல் ஆறிவிடும், நரம்பு அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

நரம்பில் செய்தி செல்லும் விதத்தை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையில் ஆராய்ந்து 1952-இல் விளக்கினர். சோடியம் அயனிகள் உள்ளே புகுகின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. இவற்றுக்கு வழிவிடும் வாயில்கள் எல்லாம் புரதங்களே. மேலே சொன்ன வலி அறியாதவர்களுள் சிலருக்கு, ஒருவகைச் சோடியம் வாயில் மட்டும் பழுதாயிருந்ததை 2006-இல் கண்டறிந்தனர். ஒரு புரதம் இயங்காவிட்டால் வலியே இல்லை என்றால், புரதங்கள் அளவுக்கு மீறினால் என்ன ஆகும்?

நரம்பை மாறாத மின்கம்பி என்று எண்ணிவிடக் கூடாது. செல் தன் புரதங்களை ஓயாமல் ஆக்கியும் அழித்தும் வருகிறது. நரம்பு காயப்பட்டால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. காயம்பட்ட இடத்தில் சோடியம் வாயில்கள் குவிகின்றன. தூண்டுவார் இல்லாமலே நரம்பு செய்தி அனுப்பத் தொடங்குகிறது. கால்சியம் வாயிலின் பகுதியான 'ஆல்ஃபா-2-டெல்ட்டா' என்னும் புரதம், நரம்பு காயப்பட்ட எலிகளில் பெருமளவு கூடுகிறது. அது கூடக் கூட, வலிச் செய்தியைக் கடத்தும் பொருள்கள் தண்டுவடத்தில் மிகுதியாகச் சுரக்கின்றன.

தண்டுவடமும் சும்மா இருப்பதில்லை. காயத்துக்குப் பின் தண்டுவடமே கிளர்ச்சியுற்றுக் கூர்மையாகிவிடுகிறது என்பதை 1983-இல் கிளிஃபர்டு உல்ஃப் எலிகளில் காட்டினார். அங்குள்ள ஏற்பிப் புரதங்களில் பாஸ்பேட் சேர்வதால், முன்பு பலத்த தூண்டுதலுக்கே திறந்தவை மெல்லிய தூண்டுதலுக்கும் திறக்கின்றன. வெறும் தொடுகைகூட வலியாக உணரப்படுகிறது. சேலை நெருப்பாவது இப்படித்தான்.

அப்பத்தாவுக்கு மருத்துவர் எழுதிய 'காபாபென்டின்' மாத்திரை முதலில் காக்காய் வலிப்புக்கு வந்த மருந்து. அது சென்று பற்றுவது மேற்சொன்ன ஆல்ஃபா-2-டெல்ட்டா புரதத்தையே என்பது 1996-இல் தெரிந்தது. எல்லோருக்கும் அது கேட்பதில்லை. அப்பத்தாவுக்கும் வலி முற்றும் போகவில்லை. ஆனால் இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்குகிறார். இப்போது அக்கிக்குத் தடுப்பூசியும் உண்டு.

படித்த எதையும் நான் அவரிடம் விரித்துரைக்கவில்லை. அந்த உறவினர் மறுபடி வந்தபோது அவர் முன்னிலையிலேயே, "தோலு ஆறிடுச்சு அப்பத்தா, உள்ள நரம்பு இன்னும் ஆறல. நீ சொல்றது நெசந்தான்" என்றேன். உறவினர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திரை இருக்கா அத்தை, வாங்கிட்டு வரவா?" என்று கேட்டார்.

நண்பர்களே, மாதக்கணக்கில் இடுப்பு வலி, கால் எரிச்சல் என்று சொல்லும் முதியோர் நம்மில் பலர் வீட்டில் இருப்பர். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். நரம்பின் புரதங்கள் தெரியா. படத்தில் இல்லை என்பதால் வலியே இல்லை என்று சொல்ல அறிவியல் நமக்கு உரிமை தரவில்லை. மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை. சொல்பவரின் சொல்லை நம்புவது நம் எல்லோருடைய வேலை.

— இளம் அறிவியல், மூன்றாமாண்டு, விலங்கியல்