பிளாவில் வார்த்த கள்

மேனாட்டார் தம் ஊர்ப் பியரை நிறம், நுரை, மணம், சுவை என வகுத்துப் புள்ளியிடுவர். அம்முறையிலேயே நாமும் யாழ்ப்பாணத்துத் தனிப்பனைக் கள்ளை மதிப்பிட முனைந்தோம்.

காலையில் இறக்கிய கள் பிளாவில் வெண்மையாய் நுரைத்தது. அப்பமாவின் மணம், நாவில் முதலில் இனிப்பு, பின்னர் மெல்லிய புளிப்பு, ஈற்றில் பச்சையோலை வாசனை. 10க்கு 8 அளித்தோம். அதே முட்டியில் எஞ்சியதை நண்பகலிற் சுவைத்தோம். இனிப்புக் குன்றிக் காரம் ஏறியிருந்தது, 6. மாலையிலோ புளிப்பே மிஞ்சியது, 3.

காரணம் எளிது. பாளைநீர் முட்டியில் விழுந்ததுமே மதுவம் அதன் இனிப்பை மதுசாரமாக்கத் தொடங்குகின்றது. உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். தடவாத முட்டியின் சுவை வேளைக்கு வேளை மாறும்.

அந்த நல்ல வேளையை நமக்குத் தருபவர், நாள்தோறும் தளைநாரிட்டு மரமேறிப் பாளை சீவும் தொழிலாளியே. அவர் இறக்கிய கள்ளை விரும்பியருந்திய ஊர், சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க்கடையில் அவருக்குச் சமமான இருக்கையை மறுத்தது. வாசக அன்பர்களே, கள்ளுக்கு 8 புள்ளி வழங்கிய நாம், அவ்வூருக்கு எத்தனை வழங்குவது?