வைஃபை வரலையா? அனாமத்துக் கணக்கில் எழுதாதீங்க!

இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் இரண்டு வகை ஆட்கள் உண்டு. பொறுமைசாலி பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு வரியாகப் பார்ப்பான். அவசரக்காரன் வித்தியாசத்தை அப்படியே தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். லினக்ஸில் வைஃபை வேலை செய்யாதபோது பெரும்பாலானவர்கள் இரண்டாவது ரகம்தான். "லினக்ஸ்னாலே இப்படித்தான்பா" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அப்படி முடிக்கப் பார்த்த ஒரு கணக்கு இது. இடம், அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம்.

அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் அது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது நம் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. ஆனால் பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் சோகம்!

அக்கா வேலைக்குப் போய்விட்டாள். விண்டோஸ் வைரஸ் பிடித்து ஆமை வேகத்தில் நகர்ந்தது. பி.காம் படிக்கும் தம்பி, நண்பனிடம் பழைய பென் டிரைவில் இருந்த டெபியன் 11-ஐ வாங்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட்டான். லேப்டாப் பறந்தது. ஆனால் வைஃபை மட்டும் காணோம். அடையாளம்கூட இல்லை!

கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "கார்டு போயிடுச்சு தம்பி, மாத்தணும். ஆயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். அப்பா, "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். அக்காவுக்குப் போன் போனது.

"முந்தாநாள் வரைக்கும் வைஃபை வந்துச்சாடா?"

"விண்டோஸ்ல வந்துச்சுக்கா."

"அப்புறம் கார்டு எப்படிடா ஒரே நாள்ல போகும்? பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி வரிசையா பாரு."

அந்த "வரிசையா" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் கேள்வி: ரேடியோ அணைந்திருக்கிறதா? விமானப் படம் போட்ட பட்டனைத் தெரியாமல் அமுக்கினாலே வைஃபை போய்விடும். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கொடுத்தால் தெரியும். 'சாஃப்ட் பிளாக்' என்றால் கட்டளை கொடுத்தே திறக்கலாம். 'ஹார்ட் பிளாக்' என்றால் லேப்டாப்பில் உள்ள சுவிட்சையோ பட்டனையோ பார்க்க வேண்டும். தம்பியின் லேப்டாப்பில் பட்டியலே காலியாக இருந்தது.

இரண்டாவது கேள்வி: கார்டு உள்ளே இருப்பது கணினிக்குத் தெரிகிறதா? அதற்கு 'எல்எஸ்பிசிஐ'. கொடுத்ததும் வைஃபை சிப்பின் பெயர், எண் எல்லாம் வந்தன. அப்படியென்றால் கார்டு சாகவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம்!

மூன்றாவது கேள்வி: பிறகு ஏன் எழுந்திருக்கவில்லை? 'டிமெஸ்ஜி' என்பது கணினியின் நாட்குறிப்பு. பூட் ஆனதிலிருந்து நடந்ததெல்லாம் அதில் இருக்கும். அங்கே ஒரு வரி: ஃபர்ம்வேர் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வித்தியாசம் எந்த வரியில் என்று தெரிந்துவிட்டது.

அது என்ன ஃபர்ம்வேர்? வைஃபை கார்டு என்பது தானே ஒரு குட்டிக் கணினி. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். பல கார்டுகளில் அந்த நிரல் உள்ளே நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் ஒரு கோப்பாக எடுத்து ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பின் மூலநிரலைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. கட்டற்ற மென்பொருள்தான் கொள்கை என்று இருக்கும் டெபியன் அதனால் அதை ஒதுக்கி வைத்தது. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-லேயே இப்படிப்பட்ட கோப்புகளைக் கெர்னலிலிருந்து நீக்கித் தனிப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதன் பின்னால் நீண்ட போராட்டமே உண்டு. பிராட்காம் சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்காத காலத்தில், விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்ட 'என்டிஸ்ராப்பர்' என்ற குறுக்குவழி இருந்தது. தன்னார்வலர்கள் அந்தச் சிப் எப்படி வேலை செய்கிறது என்று துருவித் துருவிப் பார்த்துத் தாங்களே டிரைவர் எழுதினார்கள். அது 2006-ல் கெர்னல் 2.6.17-ல் சேர்ந்தது. பிராட்காம் தானே ஒரு திறமூல டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான்.

டெபியனும் இறங்கி வந்தது. 2022-ல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தபின், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சிலருக்கு வருத்தம். ஆனால் கிராமத்தில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவனுக்கு, நெட் வராத சுதந்திரத்தை வைத்து என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்விதானே?

சரி, தம்பி கதைக்கு வருவோம். அவனிடம் இருந்ததோ பழைய 11. ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும். நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். கோழியா முட்டையா கதை!

வழி கையிலேயே இருந்தது. செல்போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால், லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். தனி ஃபர்ம்வேர் தேவையில்லை. டெபியனின் 'நான்-ஃப்ரீ' பிரிவைச் சேர்த்து, தன் சிப்புக்கு உரிய ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, ரீஸ்டார்ட் செய்தான். வைஃபை அடையாளம் வந்துவிட்டது!

ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை பெயரெல்லாம் தெரிகிறது, தன் போனின் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியவில்லை. இந்தத் தடவை அவன் யாரையும் கேட்கவில்லை. மற்ற பெயர்கள் தெரிவதால் கார்டு சரி. அப்படியானால் சிக்கல் போன் பக்கம். போனைப் பார்த்தால் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மாற்றினான், வந்தது.

இன்னும் இரண்டு வரிகள் பேரேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். வைஃபை இணைந்தும் தளம் திறக்கவில்லையா? 8.8.8.8-க்குப் பிங் போய், பெயர் கொடுத்தால் போகவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று எல்லாத் தளமும் மறுத்தால் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் உள்பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கலாம்.

விக்கிரமங்கலத்து லேப்டாப் இரும்புக் கடைக்குப் போகவில்லை. அதில்தான் தம்பி இப்போது பிராஜெக்ட் எழுதிக்கொண்டிருக்கிறான். செலவு, கொஞ்சம் மொபைல் டேட்டாவும் ஒரு மாலைப் பொழுதும். மூடிய பெட்டி என்றால் கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு. லினக்ஸோ தன் நாட்குறிப்பைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கே தப்பு என்று அதுவே எழுதியும் வைக்கிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

அனாமத்துக் கணக்கு என்பது தற்காலிகம்தான் நண்பர்களே... தப்பைக் கண்டுபிடித்து அதை மூடும்வரை கணக்கு முடிந்ததாக அர்த்தமில்லை!