சூடேறினால் நிற்கும் எஞ்சின்

விடியற்காலையில் ஒரே இழுவையில் பிடிக்கும். கரையை விட்டு நன்றாகத்தான் போகும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி பிடிக்கும், சிறிது தூரம் போய்த் திரும்பவும் நிற்கும். படகு எஞ்சினுக்கு வருகிற வருத்தங்களில் மிகப் பொல்லாதது இதுதான் என்பேன். அடியோடு பழுதான எஞ்சின் கரையிலேயே கிடக்கும், அதை நம்பி ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். இது நம்பவைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடலில் விடுகிறது. இன்னொரு படகில் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும். குறை ஒன்றும் தெரியாது.

மலேரியாக் காலத்தில் காய்ச்சல் ஏறி நிற்கும்போதே இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த எஞ்சினையும் அப்படித்தான், சூடு இருக்கும்போதே பார்க்கவேண்டும். எங்கள் கரையில் எஞ்சின் திருத்துகிற அண்ணை ஒருவர் சாவியைத் தொடுவதற்கு முன் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, டக்கெண்டு நிண்டதோ, இழுத்து இழுத்து நிண்டதோ?"

பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. சுவிட்சை நிறுத்தியதுபோலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் பிளக்குக்குப் போகும் மின்பொறியில் குறை. வேகம் குறைந்து, இருமி, தடுமாறி அடங்கினால் எண்ணெய் சரியாக வரவில்லை. ஓடிய ஓட்டத்திலேயே பலம் குறைந்து, சூட்டு மணம் எழுந்து நின்றால் தண்ணீர் சுற்றவில்லை. ஓட்டியவனுக்கு மட்டும் தெரிந்த செய்தி இது. அவனைக் கேட்காமல் எஞ்சினைப் பிரிக்கிறவரை எனக்குப் பிடிப்பதில்லை.

இலங்கையின் வடபகுதிக் கண்ணாடியிழைப் படகுகளில் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின்களில் மிகப்பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் பிடிக்கவைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் தீப்பற்றத்தக்க ஆவியைக் கொடுக்கும். பெற்றோலோ உறைநிலைக்கு வெகு கீழேயே கொடுத்துவிடும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிறு போத்தலில் கிடந்த பெற்றோலில் சில துளிகளைக் காபிரேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்த கைகள் அவை. ஆகவே மண்ணெண்ணெய்க்கு மாற்றிய உடனே எஞ்சின் நின்றால் அதைப் பழுது என்று சொல்லக்கூடாது. சூடேறுமுன் மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிச் சிறிது நேரம் ஓடவிடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த தடவை காபிரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும், கயிறு இழுத்துத் தோள்தான் நோகும்.

நன்றாகச் சூடேறி, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்பதுதான் உண்மையான சிக்கல். அங்கேயும் ஒரு மயக்கம் உண்டு. சூடு ஏறும்போது நேரமும் போகிறது. நேரத்தால் வந்த குறையைச் சூட்டின் தலையில் போட்டுவிடுகிறோம். எண்ணெய்த் தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் திறக்க மறந்தால், அல்லது உப்புப் படிந்து அது அடைத்துக்கொண்டால், எஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சத் தாங்கிக்குள் வெற்றிடம் கூடும். ஒரு கட்டத்தில் எண்ணெய் வராது, எஞ்சின் நிற்கும். ஆறட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் எஞ்சின் மறுபடி பிடிக்கும். சூட்டால்தான் நின்றது என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். கொயில், பிளக், காபிரேற்றர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்தபின், காரணம் அந்தத் திருகுதான் என்று தெரியவருவது கரையில் புதிதல்ல. நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கும். கேட்டால் சோதனை முடிந்தது.

அடுத்தது எண்ணெய்க் குழாயின் நடுவில் இருக்கும் றப்பர்க் குமிழ். எஞ்சின் தடுமாறும்போதே அதைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்க அமுக்க எஞ்சின் மீண்டும் வேகம் எடுத்தால் எண்ணெய்ப் பம்பின் மெல்லிய சவ்வில் சந்தேகம், அல்லது குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது. குமிழ் தானாகவே தட்டையாகிக் கிடந்தால் அடைப்புத் தாங்கிப் பக்கம். குமிழ் இறுகியே இருக்க எஞ்சின் நின்றால் அடைப்பு காபிரேற்றர்ப் பக்கம் இருக்கலாம், இல்லையென்றால் மின்பொறியைப் பார்க்கவேண்டும்.

மின்பொறியைச் சூட்டிலேதான் சோதிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கொயிலுக்குள் மயிரிழைச் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. அதில் ஒரு நுண்ணிய வெடிப்பு இருந்தால், சூட்டில் விரிந்து தொடுப்பு விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த கொயிலை மீற்றரில் அளந்து 'நல்லாயிருக்கு' என்று சொல்வதால் பயனில்லை. சூடான கொயில் சற்றுக் கூடிய தடையைக் காட்டுவதும் இயல்பு. செப்பின் தடை ஒரு பாகைக்குச் சுமார் 0.4 வீதம் ஏறும், 50 பாகை சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். அதைக் கண்டு நல்ல கொயிலை எறிந்துவிடக்கூடாது. கடலில் மீற்றர் இல்லையென்றாலும், மேலதிகப் பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சினில் படவைத்து, எண்ணெய் சிந்தாத இடமாகப் பார்த்துக் கயிற்றை இழுத்தால் பொறி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்க் குறை மட்டும் தனி. எங்கள் பரவைக்கடலில் சாதாளை வந்து நீர் உறிஞ்சும் துளையை அடைக்கும். ஆழமில்லாத இடத்தில் மணலும் சேறும் உள்ளே போய்த் தண்ணீர்ப் பம்பிலுள்ள இம்பெல்லரின் றப்பர் இதழ்களைத் தேய்க்கும். கடல்நீரில் குளிரும் எஞ்சின்களின் தெர்மோஸ்டாட் சுமார் 50 பாகையிலேயே திறப்பதற்கும் காரணம் உப்பு. கூடிய சூட்டில் உப்பு உள்ளே படிந்துவிடும். பின்புறம் பீய்ச்சும் நீர் மெலிந்தாலோ நின்றாலோ எஞ்சினை உடனே நிறுத்துங்கள். மற்றக் குறைகளில் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கலாம். இதில் இழுத்தால் பிஸ்டன் இறுகிப் போகும்.

சூடேறும்வரை ஓட்டிப் பார்க்க எண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அப்படிப்பட்ட விலையில் யாரும் சோதனைக்கென்று ஓட்டத் தயங்குவார்கள். ஆனால் ஊகத்தில் வாங்குகிற ஒரு கொயிலின் விலை, பீப்பாயில் நன்னீர் நிரப்பி அதற்குள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டிய எண்ணெயின் விலையைவிட எவ்வளவோ கூட. திருத்துகிறவரிடம் அந்த ஓட்டத்தைக் கேட்டு வாங்குங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாக்கு நீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடல் எல்லை 1974இல் வகுக்கப்பட்டது. எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எந்தப் பக்கமும், அந்த எல்லையைத் தாண்டியும், கொண்டுபோகும். ஆகையால் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வலை இழுக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுங்கள்: எஞ்சின் எப்படி நின்றது என்பதைக் கவனிக்கவேண்டும், முதலில் தாங்கி மூடியைத் திறக்கவேண்டும், பிறகு குமிழை அமுக்கவேண்டும், அதன்பின்தான் பிளக்கைக் கழற்றவேண்டும். துடுப்பு இல்லாமல் படகை இறக்க விடாதீர்கள்.