கச்சான் காற்றும் பழைய தேயிலையும்

ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திற் செல்வோர் வழியில் ஒரு விந்தையைக் காணலாம். ஹட்டனிலும் நானுஓயாவிலும் மழையும் மூடுபனியுமாக இருக்கும். இலங்கையின் அதி உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலையைக் கடந்து, வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைந்து வெளிப்பட்டதும் கண் கூசும் வெயில்! மலையின் மேற்கு முகத்தில் மழையைக் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவக்காற்று, முகட்டைத் தாண்டும்போது ஈரமிழந்து, உலர்ந்த காற்றாய் ஊவாச் சரிவுகளில் இறங்குகின்றது. இவ்விடத்தார் அதனைக் கச்சான் என்பர். 2023 ஆம் ஆண்டு நாம் பதுளைக்குச் சென்றது இந்தக் காற்றைக் காணும் பொருட்டேயாம். காற்றைக் கண்ணாற் காண்பதெப்படி என்று வாசகர்கள் நகைக்க வேண்டாம். அப்புத்தளைக் கணவாயில் ஒரு நாழிகை நின்று, பறந்த தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடினால் விளங்கும்.

பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறிச் செல்லும் பாதையில் இருவகைத் தேயிலை மலைகளைக் கண்டோம். ஒன்று வெட்டிய குச்சிகளை நாற்றாக்கி நட்ட 'வீ.பி.' மலை. ஒரே உயரம், ஒரே பசுமை. பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்றது. மற்றது விதையிலிருந்து வளர்ந்த பழைய மலை. இங்கே ஒரு செடியைப் போல் மறு செடி இல்லை. ஒன்றின் இலை சிறுத்துக் கரும்பச்சையாய் இருக்கும். அடுத்ததன் இலை அகன்று வெளிறியிருக்கும். இடுப்பளவே உயர்ந்த அச்செடிகளைக் குனிந்து பார்த்தபோது வியந்தோம். பலமுறை கவ்வாத்து வெட்டப்பட்டு முண்டும் முடிச்சுமாய்ப் பாசி படர்ந்த அடிமரம், ஓர் ஆளின் தொடைப் பருமன் இருந்தது.

நூறாண்டு கடந்த செடிகளும் இத்தகைய மலைகளில் உண்டு. 1869 இல் கோப்பி இலையிற் கண்ட துருநோய், இருபதாண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் நட்டுத் தொடங்கிய தேயிலை அந்த வெற்றிடத்திற் பரவியது. காடு வெட்டிக் குழி தோண்டி விதை ஊன்றியவர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியே நடந்து வந்த நம்மவர். அந்தத் தேயிலை வேரூன்றி நிலைத்தது. நட்டவர்களின் மக்களோ 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முழுமையாகக் கிட்ட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

குடும்பப் பக்கத்தில் மதுவைப் பற்றிப் பேசலாகாதுதான். ஆயினும் ஓர் ஒப்புமையைச் சொல்லாமல் விட மனமில்லை. மத்தியதரைக் கடலோரத்துத் தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் முதிய திராட்சைக் கொடிகளின் பழத்திலிருந்து வடிக்கும் செந்நிற மதுவுக்குத் தனி மதிப்புண்டு. கொடி முதிர முதிரக் காய்ப்புக் குறைகிறது. குறைந்த பழத்தில் சாரம் செறிகிறது என்பது அவ்வூரார் கொள்கை. அங்கும் வறண்ட காற்றுண்டு. தென் பிரான்சில் 1860 களில் தோன்றிய, வேரைத் தின்னும் ஒரு சிறு பூச்சி அங்கும் தோட்டங்களை அழித்தது. இலங்கைக் கோப்பியும் பிரான்சின் திராட்சையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பட்டுப்போயின என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஊவாத் தேயிலையின் சுவைக்கு வருவோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பகலில் உலர்ந்த காற்று, இரவில் குளிர். நீருக்கு ஏங்கும் செடி கொழுந்தை மெல்லவே விடுகின்றது. அந்த வாட்டத்தில் இலைக்குள் மணப்பொருள்கள் மிகுகின்றன. அவற்றுள் மெத்தில் சலிசிலேற்று என்பதும் ஒன்று. வலித்தைலங்களில் நாம் முகரும் அதே வாசனைப் பொருள். ஊவாத் தேநீரை உறிஞ்சியதும் நாவில் எழும் குளிர்ச்சிக்கு இதுவே முக்கிய காரணம். பழைய செடி என்பதனாலேயே சுவை வந்துவிடும் என்று எண்ணுவது தவறு; குச்சியில் வளர்ந்த இனங்களிலும் நல்ல மணமுடையவை உள. ஆனால் விதைச் செடிக்கு ஆணிவேர் உண்டு. அது ஆழச் சென்று ஈரம் தேடி, பல வறட்சிகளைத் தாங்கி நின்று, ஆண்டுதோறும் அந்தப் பருவத்து இலையைத் தருகின்றது.

எவ்வளவு தருகின்றது என்பதில்தான் சிக்கல். பழைய மலையில் ஒரு நிறைக் கூடைக் கொழுந்தெடுக்க, புதிய மலையிலும் பார்க்க நெடுநேரம் செல்லும். கச்சான் அடிக்கும் நாட்களில் அதுவும் குறையும். நாம் சென்ற வேளையில் சட்டப்படி நாட்சம்பளம் 1000 ரூபாய். தோட்டம் விதித்த நிறையை எடுத்தால்தான் அது முழுப் 'பேர்'; குறைந்தால் அரைப்பேர். கொழுந்து மடுவத்தின் அருகே, படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "அம்மா, இந்த மாதத்துத் தேயிலைக்குத்தானே உலகமெங்கும் நல்ல விலை?" என்று வினவினோம்.

"ஆமாங்கய்யா. கச்சான் அடிச்சா தேத்தண்ணிக்கு ருசி வரும், எங்களுக்குப் பேரு வராது" என்றார்.

பழைய மலைகளைப் பிடுங்கிவிட்டு வீ.பி. நட வேண்டும் என்பார் சிலர். நட்டால் சில ஆண்டுகளுக்கு வருவாய் இல்லை, செலவோ பெரிது. ஆகையால் பல தோட்டங்களில் பழைய செடிகள் நிற்பது அருமை கருதியன்று, பிடுங்க முதலில்லாமையாலேயே. அச்செடிகளைக் காக்க விரும்பினால், அங்கே எடுக்கும் கொழுந்துக்கு வேறு நிறை விதிக்க வேண்டும் என்பது எம் எண்ணம். ஒரே தராசைப் பழைய மலைக்கும் புதிய மலைக்கும் வைப்பது, கிழவரையும் குமரரையும் ஒரே ஓட்டப் பந்தயத்தில் விடுவது போலாகும்.

அன்று மாலை தொழிற்சாலையில் வெண் கிண்ணங்களில் தேநீர் வரிசையாக ஊற்றி வைத்திருந்தார்கள். சுவைத்தோம், அந்தக் குளிர்ச்சியை உணர்ந்தோம். பின்னர் மூதாட்டி தம் லயத்துக்கு அழைத்து, சீனி மிகப் போட்டு ஒரு தேத்தண்ணி தந்தார். கடுஞ்சாயம், அந்த மணம் இல்லை. இது எந்தத் தூள் என்று கேட்டோம். பதுளைக் கடைவீதியில் வாங்கிய பொட்டலம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் அன்று எடுத்த கொழுந்து, கீழே தொழிற்சாலையின் மேல்மாடியில் வாடிக்கொண்டிருந்தது.